சம்பந்தமில்லாதவர்கள் உட்காரும் இடம்

1

இந்தக் குளிர்காலத்தில் மொன்றியலில் என் மகள் அபிக்குக் கல்லூரியில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஏதாவது ஒரு நீதிமன்றத்தில் ஒரு நாள் முழுக்கப் போய் உட்கார்ந்திருந்து, நடப்பதைப் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் பேச வேண்டும். யாருடைய வழக்காகவும் இருக்கலாம். பொதுமக்களில் ஒருவராகப் போய் உட்கார்ந்தால் போதும்.

கூடப் போக இருந்த சிநேகிதிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. தனியாகப் போக ஒரு மாதிரி இருக்கிறது, நீங்கள் வருகிறீர்களா என்று என்னைக் கேட்டாள். பதினெட்டு வயதாகிறது. அவள் என்னிடம் கேட்கிற விஷயங்கள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகின்றன. சிநேகிதிகளோடு பிரெஞ்சில் பேசுகிறாள், தம்பியோடு ஆங்கிலத்தில் சண்டை போடுகிறாள். தமிழ் என்பது பசிக்கிறது, குளிர்கிறது, லேட்டாகும் என்று எனக்குச் சொல்வதற்கு மட்டும். அவளாக வந்து கேட்டதால், நான் துணி மடிக்கிற ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மெட்ரோவில் போகும்போது அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். போனை அணைத்து வை. கால் மேல் கால் போடாதே. நீதிபதி வரும்போது எழும்பி நில், அவர் உட்கார்ந்த பிறகு உட்கார். முன்வரிசையில் உட்காராதே, லோயர்மார் வந்தால் எழுப்பிவிடுவார்கள். கதவோரம் உட்காராதே, ஆள் போகவர இருக்கும், பேசுவது காதில் விழாது. பையில் சாப்பிட ஏதாவது வைத்துக்கொள், எந்த வழக்கை எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அபி ஒரு காதில் செருகியிருந்ததைக் கழற்றிவிட்டு, "இதெல்லாம் ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?" என்று கேட்டாள்.

டீவியில் பார்த்தது என்று சொன்னேன்.

அவளுக்கு ஒரு மாமா கண்டியில் இருக்கிறார் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வருகிற முகம் அது. முச்சக்கர வண்டி ஓட்டுகிறவர், கல்யாணம் செய்யாதவர், எப்போது பேசினாலும் அங்கே எத்தனை டிகிரி என்று கேட்கிறவர். அதற்கு மேல் அவளுக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

2

கண்டியில், கட்டுக்கலையில் எங்களுக்கு இரண்டு அறை வாடகை வீடு. அப்பா போன பிறகு அம்மா, அண்ணன், நான் மூன்று பேர்தான். அண்ணன் பெயர் முத்துக்குமார். என்னைவிட இரண்டு வயது மூப்பு. நான் கொழும்பு வீதியில் ஒரு புடவைக் கடையில் விற்பனைக்கு நின்றேன். அங்கே நின்றுதான் சிங்களம் நன்றாகப் பேசவும் விளங்கவும் பழகினேன். அண்ணன் ஒரு மொத்தக் கடையின் வேன் ஓட்டினான். பிலிமத்தலாவை, தெல்தெனிய, நாவலப்பிட்டி என்று கடை கடையாகச் சாமான் இறக்கிவிட்டு வருவது அவன் வேலை. அவனுக்கு ரோட்டுச் சிங்களம் வரும். கேள்வி கேட்டால் திக்கும்.

அந்த மொத்தக் கடைக்கு அடிக்கடி வந்து போகிற ஒரு ஆள் இருந்தான். ஒரு நாள் அவன் இரண்டு அட்டைப் பெட்டிகளைக் கொடுத்து, நாவலப்பிட்டி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வந்து வாங்கிக்கொள்வார், இறக்கிவிடுங்கள் என்று சொன்னான். போகிற வழிதானே என்று அண்ணன் ஏற்றிக்கொண்டான். வழியில் சோதனைச் சாவடியில் வேனைப் பிரித்துப் பார்த்தார்கள். பெட்டிகளுக்குள் மின்கலங்களும் கம்பிச் சுருள்களும் இருந்தன. சண்டை உச்சத்தில் இருந்த காலம் அது. பெட்டி கொடுத்த ஆளைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அண்ணனைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். சிங்களத்தில் எழுதிய ஒரு வாக்குமூலத்தின் அடியில் அவன் கையெழுத்து இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை.

மொன்றியலில் எங்களுக்குப் பழக்கமானவர்களில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். நான் வாயைத் திறந்து மலையகத் தமிழ் பேசியதும், "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்பார்கள். கண்டி என்று சொன்னால், "ஓ, அங்கை பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே" என்பார்கள். நானும் இல்லை என்று தலையாட்டுவேன். இருபது வருஷமாக இப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். நம்முடைய ஆட்களுக்கு அங்கே என்ன நடந்தது என்று நமக்குள்ளேயே தெரியாதபோது வெள்ளைக்காரனிடம் போய் என்னத்தைச் சொல்வது?

3

வழக்கு விசாரணைக்கு வருவதற்கே வருஷங்கள் போயின. அதுவரைக்கும் தவணை, தவணைக்கு மேல் தவணை. ஒவ்வொரு தவணைக்கும் நானும் அம்மாவும் போவோம். கடை முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டே அரை நாள் லீவு கொடுப்பார். தலதா மாளிகைப் பக்கம் வெள்ளை உடுத்திப் பூத்தட்டோடு போகிற கூட்டத்துக்கு நடுவே நாங்கள் கோட்டுக்குப் போவோம்.

உள்ளே கடைசியில் மூன்று வாங்குகள், நீள மரப் பெஞ்சுகள், கிடக்கும். "வழக்குக்குச் சம்பந்தமில்லாத ஆட்கள் பின்னால் போங்கள்" என்று பொலிஸ் சார்ஜன் சத்தம் போடுவார். முதல் நாள் அம்மா அசையாமல் முன்னால் நின்றாள். தன்னைச் சொல்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. நான் அம்மாவின் கையைப் பிடித்துப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். சட்டத்தில் நாங்கள் பொதுமக்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கோட்டில் எதிரி என்பார்கள். எதிரி நாங்கள் இல்லை, சாட்சி நாங்கள் இல்லை. பெற்றவளும் கூடப் பிறந்தவளும் வேடிக்கை பார்க்க வந்தவர்களோடு வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

அண்ணனைக் கூட்டிவருவார்கள். பெயரைச் சிங்கள உச்சரிப்பில் 'முதுகுமார' என்று கூப்பிடுவார்கள். அவன் கூண்டில் ஏறி எங்களைத் தேடிப் பார்ப்பான். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். கையைக் காட்டினால் சார்ஜன் முறைப்பார். கொஞ்ச நேரம் லோயரும் நீதிபதியும் பேசுவார்கள். பிறகு அவனைக் கீழே இறக்கிவிடுவார்கள். அவ்வளவுதான்.

கொழும்பிலிருந்து பைல் வரவில்லை என்று ஒரு முறை தள்ளிப்போடுவார்கள். நீதிபதி லீவு என்று ஒரு முறை. பெரஹரத் திருவிழா வந்துவிட்டால் பொலிஸ்காரர்கள் எல்லாரும் ஊர்வலப் பாதுகாப்புக்குப் போய்விட்டார்கள் என்று ஒரு முறை. தள்ளிப்போடுவதைச் சிங்களத்தில் 'கல் தெம்மா' என்பார்கள். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. அவள் காதில் முன் பாதி மட்டும் விழும். வெளியே வந்து, "என்னாடி, எப்பப் பாத்தாலும் கல்லு கல்லுங்கிறாங்க" என்று கேட்பாள். நாள் தள்ளிப் போட்டுட்டாங்கம்மா என்று சொல்வேன். அதற்குப் பிறகு அவளே தவணையைக் கல்லு என்று சொல்லப் பழகிவிட்டாள். இன்னைக்கும் கல்லுதான் போட்டாங்க என்று பக்கத்து வீட்டில் சொல்லுவாள். அவளுக்கு அது கேலி இல்லை. வேறு சொல் தெரியாது.

எல்லாவற்றையும்விட அதிகமாகத் தள்ளிப்போனது முதலியார் வராததால். கோட்டில் மொழிபெயர்ப்பவரை முதலியார் என்றுதான் சொல்வார்கள், அது உத்தியோகப் பெயர். தமிழுக்கு இருந்தவர் ஒரே ஒருவர். அவரும் வேறு ஊர்க் கோட்டுகளுக்கும் ஓட வேண்டும். அவர் வராத நாளில் நாங்கள் காலையில் வந்து உட்கார்ந்து, மத்தியானம் எழும்பிப் போவோம்.

அந்த வாங்கில்தான் சோமா அக்கா எங்களுக்குப் பழக்கமானாள். தெல்தெனியக்காரி, சிங்களப் பெண். அவளுடைய மகன் வேலித் தகராறில் பக்கத்து வீட்டுக்காரனைக் கத்தியால் வெட்டிவிட்டு உள்ளே இருந்தான். வெட்டினான்தான் என்று அவளே சொல்வாள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால் அம்மாவுக்கு முதலில் நீட்டுவாள். அம்மாவும் அவளும் ஒரு சொல்கூட விளங்காமல் ஒருவருக்கொருவர் கதை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு தவணையில் முதலியார் வந்தார். வயதானவர், களைத்துப் போயிருந்தார். அண்ணனைக் கூண்டில் ஏற்றி, அந்தப் பெட்டி கொடுத்த ஆளை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். முதலியார் தமிழில் கேட்டார். அண்ணன் சொன்னான்:

"மொகப் பழக்கந்தாங்க."

கடையில் பார்த்திருக்கிறேன், மற்றபடி ஆள் யாரென்று தெரியாது என்று அர்த்தம். நம்மூரில் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். முதலியார் நீதிபதியைப் பார்த்து, "ஹொந்தட்ட அந்துனனவா, ஸ்வாமீனி" என்றார். நன்றாகத் தெரியுமாம். பழக்கம் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார் போலிருக்கிறது. டைப் அடிக்கிறவர் அதை அடித்து முடித்துவிட்டார்.

நான் எழும்பிவிட்டேன். என்ன சொல்லப் போகிறேன் என்றுகூடத் தெரியாது. சார்ஜன் கையைக் கீழ்நோக்கி அசைத்தார், நாயை உட்காரச் சொல்கிற மாதிரி. சோமா அக்கா என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். நீ சத்தம் போட்டால் உன்னையும் உள்ளே போடுவார்கள் என்று காதோரம் சொன்னாள்.

இடைவேளையில் எங்கள் லோயரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சரிதான், தப்பாகத்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் இதைத் திருத்தப் போனால் இன்னொரு நாள் எடுக்க வேண்டும், முதலியாருக்கும் மனத்தாங்கல் வரும், அவர் அடுத்த தவணைக்கு வராமல் விட்டால் நமக்குத்தான் நட்டம் என்றார். சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. எல்லாமே உண்மை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

4

மொன்றியல் நீதிமன்றத்தில், எதற்காக வந்தீர்கள் என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. வெதுவெதுப்பான மண்டபம், சத்தமில்லாத கதவுகள். அபி ஒரு அறையைத் தேர்ந்தெடுத்தாள். பின்வரிசையில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். குளிர்ச் சட்டைக்குக் கீழே துப்புரவு வேலைக்காரர்களின் நீலச் சீருடை தெரிந்தது.

இரண்டு மூன்று சின்ன வழக்குகள் போயின. அதன் பிறகு ஒரு ஆளைக் கூப்பிட்டார்கள். நடுத்தர வயது, ஸ்பானிஷ்காரர். வேலைத்தளத்தில் இருந்து ஏதோ கருவிகளைத் திருடியதாக வழக்கு. முன்னால் இருந்த பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவருடைய மனைவி என்று எனக்கு விளங்கியது. அந்த மாதிரி நிமிர்வது எப்படி என்று எனக்குத் தெரியும்.

அவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர், இளம் பெண், பக்கத்திலேயே நின்று காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் நீதிபதி கையைத் தூக்கி நிறுத்தி, அவருக்கு விளங்கியதா, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றார். அந்த நீதிபதி அம்மா அவசரப்படவே இல்லை.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்று லோயர் சொன்னார். நீதிபதி உடனே எழுதிவிடவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த ஆளிடம் நேராகக் கேட்கத் தொடங்கினார். என் பிரெஞ்சு வேலைத்தளத்துப் பிரெஞ்சு, துவாலையும் படுக்கை விரிப்பும் அளவுக்குத்தான். அபி குனிந்து எனக்குத் தமிழும் ஆங்கிலமும் கலந்து சொல்லிக்கொண்டு வந்தாள்.

இதை நீங்களாக விரும்பிச் சொல்கிறீர்களா? யாராவது உங்களை வற்புறுத்தினார்களா? சொன்னால் இன்னது கிடைக்கும் என்று யாராவது வாக்குக் கொடுத்தார்களா? ஒப்புக்கொண்டால் விசாரணை நடக்காது என்று தெரியுமா? உண்மையிலேயே இதைச் செய்தீர்களா?

ஒவ்வொன்றுக்கும் அந்த மனிதர் ஒரே சொல்லில் பதில் சொன்னார். சொல்லும்போது நீதிபதியைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். முன்னால் இருந்த பெண் சீருடையின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். அவர் திருடினாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. வேலைக்குத் திரும்பிப் போக வேண்டிய அவசரத்தில் ஒரு மனிதன் எதற்கும் ஆமாம் சொல்வான் என்று மட்டும் தெரியும். கேட்ட விதம் அழகாக இருந்தது. இப்படிக் கேட்பார்கள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

நான் அழுதேன். சத்தமில்லாமல் அழத் தெரியும். அதையும் ஒரு வாங்கில் உட்கார்ந்துதான் பழகினேன். அபி பயந்துபோய் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

5

கீழே சாப்பிடுகிற இடத்தில் உட்கார்ந்து அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வேன், பெட்டி, வாங்கு, முதலியார். கடைசி நாளைப் பற்றியும் சொன்னேன்.

லோயர் அண்ணனிடம் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒப்புக்கொண்டால் இன்னும் ஒரு வருஷத்தில் வெளியே வரலாம், வழக்காடினால் எத்தனை வருஷமென்று என்னால் சொல்ல முடியாது. அந்தச் சட்டத்தில் உள்ளே போன நிறையப் பேர் அப்படித்தான் வந்தார்கள். அண்ணன் மாட்டேன் என்றே நின்றான். செய்யாததச் செஞ்சேன்னு எப்புடிச் சொல்றது என்று கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னிடமும் சொல்லியிருக்கிறான். எனக்கு அதில் பெருமை. இளவயதுப் பெருமை. உள்ளே கிடக்கிறவன் அவன்தானே, நான் இல்லையே.

அன்றைக்கும் முதலியார் வரவில்லை. இன்றைக்கும் கல்லுதான் என்று அம்மா பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அப்போது லோயர் எழும்பி, எதிரி சிங்களத்திலேயே பதில் சொல்வார், மொழிபெயர்ப்பு தேவையில்லை என்றார். எழுதுவினைஞர் குற்றப் பத்திரத்தை வாசித்தார். வேகமாக வாசித்தார், எனக்கே பாதி விளங்கவில்லை. முடித்துவிட்டு, "வரத பிளிகன்னவாத?" என்று கேட்டார். குற்றத்தை ஏற்கிறாயா?

"ஒவ், ஸ்வாமீனி" என்றான் அண்ணன்.

ஆமாம், ஐயா. திக்கவில்லை. அன்றைக்கு மட்டும் அவன் எங்கள் வாங்குப் பக்கம் திரும்பவே இல்லை. நீதிபதி மேலும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தண்டனையை எழுதினார், ஒரு வருஷம். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வராந்தாவில் அம்மா, "முடிஞ்சுச்சா?" என்று கேட்டாள். முடிஞ்சுச்சும்மா என்றேன். சோமா அக்கா தூணோரமாக நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய மகன் இரண்டு வீட்டாரும் சமாதானமாகி, முந்தின மாதம்தான் வெளியே வந்திருந்தான். அவளுக்கு அன்றைக்குக் கோட்டில் வேலையே இல்லை, எங்களுக்காக வந்திருந்தாள். எங்க பையன் செஞ்சான், வீட்டுல இருக்கான், ஒங்க ஆளு செய்யல, உள்ள போறான் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, எங்களைப் பார்க்க வெட்கப்பட்டவள் போல விறுவிறுவென்று போய்விட்டாள். அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

கொஞ்ச மாதத்தில் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். நாவலப்பிட்டியில் கடை வைத்திருந்த குடும்பம், மாப்பிள்ளை கனடாவில். பெண் பார்க்க வந்தவர்கள் வழக்கைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள், முடிந்துவிட்டதா என்று. எப்படி முடிந்தது என்று கேட்கவில்லை. அண்ணன் வெளியே வருவதற்கு முன்பே நான் விமானம் ஏறிவிட்டேன். கடைசியாகச் சிறையில் பார்த்தபோது, "குளிராம்ல. காத மூடிக்க" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

6

அபி சாண்ட்விச்சைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப மாமா செஞ்சாங்கதானே?"

இல்லை என்றேன். இப்போதுதானே உனக்கு எல்லாவற்றையும் சொன்னேன் என்றேன்.

ஆனால் மாமாவே கில்ட்டி என்று சொன்னார்தானே, செய்யாத ஒருவர் ஏன் அப்படிச் சொல்வார், யாராவது அடித்தார்களா, மிரட்டினார்களா, நீதிபதியிடம் சொல்லியிருக்கலாமே என்று அடுக்கிக்கொண்டே போனாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவள் வளர்ந்த இடத்தில் மனிதர்கள் வாயால் சொல்வதை எழுதிக்கொள்வார்கள், எழுதியது நிற்கும். எனக்கு அவள் மீது வந்த கோபத்தை என்ன சொல்வது. பெற்ற பிள்ளை எதிர்ப் பக்கத்து லோயர் மாதிரி என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். லோயர்தான் கெடுத்தார் என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதே லோயர் அதையே வருஷக் கணக்காகச் சொன்னபோது மாட்டேன் என்றவன், அன்றைக்கு மட்டும் ஏன் சரி என்றான்? அதை நான் யோசித்ததே இல்லை. யோசிக்கப் பயம் என்பதுதான் சரி.

அந்த ஒரு சொல் அவனை விட்டுப் போகவில்லை என்பதும் அபிக்குத் தெரியாது. வெளியே வந்த பிறகு பழைய முதலாளி அவனைச் சேர்க்கவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் பொலிஸ் அறிக்கை கேட்டார்கள், அது அவனுக்குக் கிடைக்காது. பெண் கொடுக்க யாரும் வரவில்லை. அபி பிறந்தபோது அவனை இங்கே ஒரு மாதம் கூப்பிடலாம் என்று விண்ணப்பித்தோம். எந்த நாட்டிலாவது எந்தக் குற்றத்துக்காவது தண்டனை பெற்றிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்று போடுங்கள், யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று கண்டியில் ஒரு ஏஜென்ட் சொல்லிக்கொடுத்தான். அண்ணன் கேட்கவில்லை. ஒருக்காப் பொய் சொல்லி மாட்டிக்கிட்டது போதும் என்று சொல்லிவிட்டு, ஆம் என்று போட்டு அனுப்பினான். மறுத்துவிட்டார்கள். மறுத்த விதம் ரொம்ப மரியாதையாக இருந்தது. எங்கள் முடிவு உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்பதை அறிவோம் என்று எழுதியிருந்தார்கள்.

அம்மா செத்தபோது நான் போனேன். பதினாறாம் நாள் வரை நானும் அவனும் ஒரே வீட்டில் இருந்தோம். வழக்கைப் பற்றி அவன் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

7

அந்த ஞாயிறு காலை எங்களுக்குப் பத்து மணி போல இருக்கும், அங்கே இரவாகிவிட்டது. அண்ணன் வீடியோ கோலில் வந்தான். வண்டியை எங்கோ ரோட்டோரம் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான், பின்னால் ஒரு கடை லைட் தெரிந்தது. எத்தனை டிகிரி என்று கேட்டான். என் வீட்டுக்காரர் சோபாவில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அபி வந்து என் தோளுக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"மாமா, நீங்க ஏன் கோர்ட்ல கில்ட்டின்னு சொன்னீங்க?"

நான் திடுக்கிட்டுப் போனை மூடப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் சிரித்தான். இந்தப் புள்ளைக்கு இதையெல்லாம் யார் சொன்னது என்றான். படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டான். அவள் விடவில்லை, அதே கேள்வியை இன்னொரு தரம் கேட்டாள். அவன் வண்டிக்குப் பெட்ரோல் அடித்த கதையைச் சொல்கிற மாதிரிச் சொன்னான்.

"அது வந்து பாப்பா, ஒங்கம்மாவுக்கு மாப்ள பாத்திருந்தாங்க. கேஸு முடியாம வரமாட்டோம்னு அவங்க சொல்லிட்டாங்க. எங்கம்மா கம்பிக்கு அங்கிட்டு நின்னு அதச் சொல்லிட்டு, ஏன்டா சொன்னோம்னு அழுதுச்சு. நான் எப்புடியும் உள்ளதான் கெடக்குறேன். ஒங்கம்மாவாவது அந்த வாங்குலருந்து எந்திரிச்சுப் போகட்டும்னு நெனச்சேன். அவ்ளோதான்."

அபிக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். சோபாவில் டீவிச் சத்தம் குறைந்தது. என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியுமா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேஸு முடியட்டும் என்று சொன்னது அவருடைய வீட்டார்தான். ஒரு குடும்பத்தில் பெண் எடுக்கிறவர்கள் எல்லாரும் சொல்கிற மாதிரித்தான் அவர்களும் சொல்லியிருப்பார்கள். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. கோட்டு வாசலில் முடிஞ்சுச்சா என்று கேட்டவள், என்னை விமானம் ஏற்றி அனுப்பினவள், ஒவ்வொரு வாரமும் போனில் என்னோடு பேசினவள், சாகிற வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"யாரு ஒன்னயக் கேட்டா?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"யாரும் கேக்கல" என்றான். "நல்லாத்தானே இருக்க?" என்று கேட்டான்.

என்ன சொல்வது? இருபது வருஷமாக அடுத்தவர்களின் படுக்கை விரிப்பை மடிக்கிறேன். பேசுவதற்கு மூன்று மொழி இருந்தும் பேச ஆளில்லை. என் கல்யாணம் கெட்ட கல்யாணமும் இல்லை, எல்லாரும் குடும்பம் நடத்துகிற மாதிரி நடத்துகிறோம். இதற்காகவா ஒருவன் செய்யாத குற்றத்தைத் தலையில் போட்டுக்கொண்டான்? எனக்கு வேண்டாம் என்று சொல்ல அவன் எனக்கு ஒரு நாள்கூடத் தரவில்லை. முதலியார் சொன்னது பொய் என்று எழும்பி நின்றவள் நான். அவன் சொன்னதும் பொய் என்று எழும்பி நின்றிருப்பேன். அது தெரிந்துதான் எங்கள் பக்கம் பார்க்காமல் நின்றான்.

நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் அவன் அழைப்பை நான் எடுக்கவில்லை. அபி எடுக்கிறாள். முன்பெல்லாம் ஹலோ மாமா, பாய் மாமா என்பதோடு ஓடிவிடுகிறவள், இப்போது அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, சொல் கிடைக்காமல் திண்டாடித் திண்டாடி அவனோடு பேசுகிறாள். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. வகுப்பில் நீதிமன்றத்தைப் பற்றி என்ன பேசினாள் என்றும் அவள் எனக்குச் சொல்லவில்லை.

அண்ணனுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும் என்று கண்டியில் இதை வாசிக்கிறவர்கள் நினைப்பீர்கள். நம்மூரில் தியாகத்துக்கு அவ்வளவு மரியாதை. நன்றி சொன்னால் நடந்தது எல்லாம் சரி என்று ஆகிவிடும். அந்தக் கோட்டுக்கும், களைத்துப் போன அந்த முதலியாருக்கும், பொறுமையாகப் பேசின அந்த லோயருக்கும், கேஸு முடிந்துவிட்டதா என்று மட்டும் கேட்டவர்களுக்கும் சேர்த்து நன்றி சொன்ன மாதிரி ஆகிவிடும். அது என்னால் முடியாது.

போன ஞாயிறு நான் சமையலறையில் நின்றபோது அபி போனைக் கையில் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, மாமா கேக்குறாங்க. நீங்க கோவமா இருக்கீங்களான்னு."

"ஆமான்னு சொல்லு" என்றேன்.

அவள் உள்ளே போய் அப்படியே சொன்னாள். அண்ணன் அதற்கு என்ன சொன்னான் என்பது எனக்குக் கேட்கவில்லை. நான் போய்க் கேட்கவும் இல்லை.